அத்லெட்டிக்ஸ் அணி ஏன் திரும்பத் திரும்பக் கலைக்கப்படுகிறது?

2002-இல் தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்று பெயர் வாங்கிய ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணி, 2023-இல் 112 ஆட்டங்களில் தோற்று, 2024-உடன் ஊரையே விட்டுப் போனது எப்படி என்றும், குறைந்த பணத்தில் வெல்லும் அதன் புகழ்பெற்ற முறை பொய்த்துப் போய்விட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ‘மணிபால்’ திரைப்படத்தைப் பார்த்துவிட்டு இந்த அணியைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் இதையேதான் கேட்கிறார்கள். இதற்குள் இரண்டு தனிக் கேள்விகள் கலந்திருப்பதாக எனக்குப் படுகிறது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு முறை ஏன் காலப்போக்கில் வலுவிழந்தது என்பது ஒன்று; ஒன்பது முறை உலகத் தொடரை (அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதித் தொடர்) வென்ற ஓர் அணி, ஏறத்தாழ ஒவ்வொரு வெற்றிக் காலத்துக்குப் பிறகும் ஏன் கலைக்கப்பட்டது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. இரண்டாவதற்கு 1901-இலிருந்து தொடங்கினால்தான் 2023 புரியும்.

விளையாட்டு நிறுவனங்களின் வரவு செலவுகளைப் படிப்பது என் தொழிலின் ஒரு பகுதி. அதற்கு வெளியேயும் இந்த அணியைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறேன். ஆனாலும் ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அத்லெட்டிக்ஸ் தனியாருக்குச் சொந்தமான நிறுவனம் என்பதால் அதன் முழுக் கணக்குகள் பொதுவெளிக்கு வருவதில்லை. சம்பளப் பட்டியல், பார்வையாளர் எண்ணிக்கை, அணி கைமாறிய விலை, சட்டமன்றங்கள் ஒதுக்கிய தொகை ஆகியவை தெரியும். உரிமையாளருக்கு எந்த ஆண்டில் எவ்வளவு மிஞ்சியது என்பதை வெளியாள் எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே கீழே லாப நட்டம் பற்றி நான் சொல்லும் இடங்களையெல்லாம் அனுமானமாகவே கொள்ளுங்கள்.

அமெரிக்கன் லீக் மேஜர் லீக்காக, அதாவது முதல்நிலைப் போட்டி அமைப்பாகத் தன்னை அறிவித்துக்கொண்ட 1901-இல், அதன் தொடக்க அணிகளில் ஒன்றாகப் பிலடெல்ஃபியாவில் அத்லெட்டிக்ஸ் உருவானது. கானி மேக் அதன் மேலாளராகவும் (களத்தில் அணியை வழிநடத்துபவர்) பங்குதாரராகவும் இருந்தார். 1901 முதல் 1950 வரை ஐம்பது பருவங்கள் அந்தப் பதவியை அவர் விடவில்லை. அவர் கணக்கில் உள்ள 3,731 வெற்றிகளையும் 3,948 தோல்விகளையும் வேறு எந்த மேலாளரும் இதுவரை எட்டவில்லை. வெற்றியிலும் தோல்வியிலும் ஒருவரே முதலிடத்தில் நிற்பது விந்தையாகத் தோன்றலாம். அதன் காரணமே இந்த அணியின் கதை. 1910, 1911, 1913 ஆகிய ஆண்டுகளில் மேக்கின் அணி உலகத் தொடரை வென்றது. முதல் பேஸில் ஸ்டஃபி மெக்கின்னிஸ், இரண்டாவதில் எடி காலின்ஸ், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாக ஜாக் பேரி, மூன்றாவதில் ஃபிராங்க் பேக்கர் என அமைந்த உள்களத்தை அந்நாளைய பத்திரிகைகள் ‘லட்சம் டாலர் உள்களம்’ என்று எழுதின. 1914-இலும் அதே அணி இறுதிக்கு வந்து, பாஸ்டன் பிரேவ்ஸிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது.

அந்தத் தோல்வியைவிட அப்போது சந்தையில் நிகழ்ந்த மாற்றம்தான் முக்கியம். ஃபெடரல் லீக் என்ற போட்டி அமைப்பு 1914-இல் களமிறங்கி, கூடுதல் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை இழுக்கத் தொடங்கியிருந்தது. மேக்கிடம் பேஸ்பாலைத் தவிர வேறு வருமானம் கிடையாது. சம்பள ஏலத்தில் இறங்குவதற்குப் பதிலாகச் சிலரை அவர் போகவிட்டார், காலின்ஸைச் சிகாகோ வொயிட் சாக்ஸுக்கு 50,000 டாலருக்கு விற்றார், பேக்கரோ சம்பளத் தகராறில் 1915 முழுவதும் ஆடாமல் இருந்துவிட்டார். 1914-இல் லீக்கின் முதலிடத்தில் இருந்த அணி 1915-இல் 109 ஆட்டங்களிலும், 1916-இல் 36 வெற்றிகளுக்கு எதிராக 117 ஆட்டங்களிலும் தோற்றது. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கடைசி இடம்தான். எனவே 2023-இன் 112 தோல்விகள் இந்த அணியின் வரலாற்றிலேயே மோசமான கணக்கு என்று யாராவது சொன்னால் அது சரியல்ல.

மேக் மீண்டும் பொறுமையாக ஓர் அணியைக் கட்டினார். ஜிம்மி ஃபாக்ஸ், அல் சிம்மன்ஸ், மிக்கி காக்ரன், லெஃப்டி குரோவ் ஆகிய நால்வரும் ஒரே காலத்தில் அவரிடம் இருந்தார்கள்; நால்வருமே பின்னாளில் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். 1929 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் சிகாகோ கப்ஸிடம் 8–0 என்று பின்தங்கியிருந்த நிலையில், ஏழாவது இன்னிங்ஸில் மட்டும் 10 ரன் எடுத்து வென்றது இந்த அணிதான். 1929-இலும் 1930-இலும் பட்டம் வென்று, 1931-இல் இறுதிவரை வந்தது. பழைய பேஸ்பாலில் ஆர்வமுள்ளவர்கள் சிறந்த அணிகளைப் பற்றிப் பேசும்போது 1927-இன் நியூயார்க் யாங்கீஸை உடனே சொல்வார்கள்; 1929–31-இன் பிலடெல்ஃபியாவையும் அதே வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதற்குள் பொருளாதாரப் பெருமந்தம் வந்துவிட்டது. கடன் நெருக்கியது, அரங்கு காலியானது, மேக் மீண்டும் விற்கத் தொடங்கினார். சிம்மன்ஸ் சிகாகோவுக்கும், குரோவும் ஃபாக்ஸும் பாஸ்டனுக்கும், காக்ரன் டெட்ராய்ட்டுக்கும் போனார்கள். இரண்டாவது முறை கலைக்கப்பட்ட அணி, பிலடெல்ஃபியாவில் அதன் பிறகு ஒருபோதும் எழுந்திருக்கவில்லை. மேக்கின் மகன்களுக்கிடையே எழுந்த பூசலும், அதே நகரின் ஃபிலீஸ் அணி 1950-இல் மற்றொரு மேஜர் லீக்கான நேஷனல் லீக்கை வென்று மக்களைத் தன் பக்கம் ஈர்த்துக்கொண்டதும் சேர்ந்து, 1954-இல் அர்னால்ட் ஜான்சன் என்ற தொழிலதிபருக்கு அணி விற்கப்படுவதில் முடிந்தன.

கான்சஸ் சிட்டியில் கழிந்த 1955 முதல் 1967 வரையிலான 13 பருவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் ஒன்றில்கூட வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவில்லை. ஒரே ஒரு செய்தியை மட்டும் குறித்துக்கொள்ளலாம். ஜான்சன் யாங்கீஸ் உரிமையாளர்களோடு முன்பே வணிகத் தொடர்பு கொண்டிருந்தவர். யாங்கீ அரங்கமே சில காலம் அவர் கையில் இருந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் கான்சஸ் சிட்டியிலிருந்து நியூயார்க்குக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். 1961-இல் 61 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து எடுக்கும் ரன்) அடித்த ராஜர் மாரிஸ் அவர்களில் ஒருவர். இது உள்ளூர ஒப்பந்தம் போட்டு நடந்ததா, வெறும் நட்பின் விளைவா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பரிமாற்றங்கள் நடந்தது உறுதி, நோக்கம் ஐயத்துக்குரியது.

ஜான்சன் 1960-இல் இறந்தபின் அணியை வாங்கிய சார்லஸ் ஃபின்லி, 1968-இல் அதை ஓக்லாந்துக்குக் கொண்டுவந்தார். பிடிவாதமும் கஞ்சத்தனமும் மிகுந்தவர் என்று பெயரெடுத்தாலும், திறமையைக் கண்டறிவதில் அவருக்கு இருந்த கண்ணை மறுக்க முடியாது. ரெஜி ஜாக்சன், கேட்ஃபிஷ் ஹன்டர், ராலி ஃபிங்கர்ஸ், வைடா புளூ, சால் பாண்டோ, ஜோ ரூடி, பெர்ட் காம்பனேரிஸ் ஆகியோரைக் கொண்ட அணி 1972, 1973, 1974 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகத் தொடரை வென்றது. யாங்கீஸைத் தவிர வேறு எந்த அணியும் இன்றுவரை மூன்று முறை தொடர்ந்து வென்றதில்லை.

அதன் பின் நடந்தது 1914-இன் மறுபதிப்பு. ஆனால் காரணம் வேறு. ஹன்டருக்கு ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய 50,000 டாலர் ஆண்டுத்தொகைத் திட்டத்தை ஃபின்லி கட்டத் தவறியதால், ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ் 1974 இறுதியில் அவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தார். ஹன்டர் யாங்கீஸுக்குப் போனார். அடுத்த ஆண்டு அதே சைட்ஸ் வேறு இரு ஆட்டக்காரர்களின் வழக்கில் அளித்த தீர்ப்பு, ஓர் ஆட்டக்காரரை அணி தன் விருப்பம்போல் ஆண்டுக்காண்டு கட்டிவைக்கும் பழைய ஏற்பாட்டை உடைத்தது. ஆட்டக்காரர்கள் ஃப்ரீ ஏஜென்ட்டாகி, அதாவது எந்த அணியோடும் சேரும் உரிமை பெற்று, கைக்கு எதுவும் வராமல் வெளியேறுவதற்குள் விற்றுவிட ஃபின்லி முனைந்தார். 1976 ஜூனில் ஃபிங்கர்ஸையும் ரூடியையும் தலா 10 லட்சம் டாலருக்குப் பாஸ்டனுக்கும், புளூவை 15 லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கும் விற்க, பேஸ்பால் ஆணையர் போவி கூன் அந்த விற்பனைகளை ரத்துசெய்தார். மேக் செய்தபோது அனுமதிக்கப்பட்ட ஒன்று ஃபின்லிக்கு மறுக்கப்பட்டது என்ற வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். எப்படியிருந்தாலும் அணி சிதறியது. 1977-இல் அந்த ஆண்டுதான் லீக்கில் புதிதாகச் சேர்ந்த சியாட்டிலுக்கும் கீழே முடித்தது. 1979-இல் 108 ஆட்டங்களில் தோற்றது. அந்தப் பருவம் முழுவதும் அரங்குக்கு வந்தவர்கள் 3,06,763 பேர். ஏப்ரல் 17 அன்று நடந்த ஓர் ஆட்டத்துக்கு 653 பேர் வந்ததாகக் கணக்கு.

ஓக்லாந்து ஓர் அணியைத் தாங்கக்கூடிய ஊரே அல்ல என்று வாதிடுபவர்கள் இந்த எண்ணிக்கையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதற்கு மறுப்பு அடுத்த பத்தாண்டிலேயே கிடைத்துவிட்டது. லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் வால்டர் ஹாஸ் குடும்பம் 1980-இல் 1.27 கோடி டாலருக்கு அணியை வாங்கியது. அதே ஊர், அதே அரங்கு, அதே மக்கள். மாறியது உரிமையாளரின் அணுகுமுறை மட்டுமே. சமூகப் பணிகளில் பணம் போட்டார்கள், பயிற்சி அணிகளை மீட்டெடுத்தார்கள், ஆட்டக்காரர்களைத் தக்கவைக்கச் செலவு செய்தார்கள். டோனி லா ரூஸாவின் மேலாண்மையில் 1988, 1989, 1990 என மூன்று முறை தொடர்ந்து உலகத் தொடருக்குச் சென்ற அணியில் ரிக்கி ஹெண்டர்சன், ஹோசே கன்செகோ, மார்க் மெக்வயர், டென்னிஸ் எக்கர்ஸ்லி, டேவ் ஸ்டூவர்ட் ஆகியோர் ஆடினார்கள். 1989-இல் எதிரணி வளைகுடாவின் மறுகரையில் இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ்; அக்டோபர் 17 அன்று மூன்றாவது ஆட்டம் தொடங்கும் நேரத்தில் லோமா பிரியட்டா நிலநடுக்கம் தாக்க, தொடர் பத்து நாள் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் நான்குக்குப் பூச்சியம் என ஓக்லாந்து வென்றது. 1990-இல் அரங்குக்கு வந்தவர்கள் 29 லட்சம் பேர். அன்றைய பேஸ்பாலில் மிக உயர்ந்த சம்பளப் பட்டியல்களில் ஒன்று ஓக்லாந்தினுடையது என்பதை இன்றைய ரசிகர்கள் பலரும் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு: ஹாஸ் குடும்பம் அணியை லாபத்துக்காக நடத்தவில்லை, ஊருக்குச் செய்யும் கடமையாகக் கருதியே நடத்தியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் அந்தப் பத்தாண்டு ‘இந்த ஊரால் முடியும்’ என்பதை மெய்ப்பிக்கிறது. ‘இந்த ஊரில் ஆதாயத்தோடு முடியும்’ என்பதை மெய்ப்பிக்கவில்லை.

ஹாஸ் 1995-இல் இறந்தார். ஸ்டீவ் ஷாட், கென் ஹாஃப்மன் என்ற இரு கட்டுமானத் தொழிலதிபர்கள் 8.5 கோடி டாலருக்கு அணியை வாங்கிச் செலவைச் சுருக்கினார்கள். நீங்கள் கேட்ட ‘முறை’ பிறந்தது அந்தச் சுருக்கத்தில்தான். சாண்டி ஆல்டர்சன் தொடங்கிவைத்ததை, 1997-இல் பொது மேலாளரான (ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர்) பில்லி பீன் முழுமையாக்கினார். அதன் உள்ளடக்கம் எளிமையானது: ஆட்டமிழக்காமல் பேஸை அடையும் விகிதம் ரன்களோடு நெருங்கிய தொடர்புடையது, ஆனால் அன்றைய சந்தை அதற்கு உரிய விலை கொடுக்கவில்லை, ஆகவே அதை மலிவாக வாங்கலாம். 2001-இல் 102 ஆட்டங்களை வென்ற பிறகு ஜேசன் ஜியாம்பி, ஜானி டேமன், ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் மூவரும் பணக்கார அணிகளுக்குப் போய்விட, ஏறத்தாழ 4 கோடி டாலர் சம்பளத்தில், அதைப்போல் மூன்று மடங்கு செலவழித்த யாங்கீஸுக்கு இணையாக 2002-இல் 103 ஆட்டங்களை ஓக்லாந்து வென்றது.

இங்கே திரைப்படம் சொல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த அணியின் முதுகெலும்பு டிம் ஹட்சன், மார்க் மல்டர், பேரி ஸீட்டோ என்ற மூன்று இளம் பிட்சர்களும் (பந்தெறிபவர்கள்), மிகெல் தெஹாதா, எரிக் சாவேஸ் என்ற இரு உள்களத்தாரும்தான். 2002-இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது தெஹாதாவுக்கும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஸீட்டோவுக்கும் கிடைத்தன. இவர்கள் யாரும் புள்ளிவிவரத்தால் குப்பையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் அல்லர். அணியே தேடிப் பிடித்து, வளர்த்து, ஆரம்பகாலச் சம்பளத்தில் வைத்திருந்தவர்கள். மலிவாக வாங்கப்பட்டவர்கள் இடைவெளிகளை நிரப்பினார்கள். இரண்டும் சேர்ந்துதான் 103 வெற்றி. 2000 முதல் 2003 வரை நான்கு ஆண்டுகளும் முதல் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறியதை முறையின் தோல்வி என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐந்து ஆட்டத் தொடரில் தற்செயலின் பங்கு மிகப் பெரியது. 162 ஆட்டங்களில் தெரியும் தரம் ஐந்து ஆட்டங்களில் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முறை ஏன் வலுவிழந்தது என்பதற்கு விடை, எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான். பாஸ்டன் 2004-இல் அதே அணுகுமுறையைப் பெரிய பணத்தோடு இணைத்துப் பட்டம் வென்றது. இன்று முப்பது அணிகளிலும் கணித ஆய்வுப் பிரிவு இருக்கிறது. பணக்கார அணிகளுடையது பெரிதாகவும் இருக்கிறது. மலிவாகக் கிடைப்பதைக் கண்டுபிடிக்கும் திறன் ஓக்லாந்துக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் முடிந்துவிட்டது. அதன் பிறகும் 2006-இல் லீக் இறுதிச் சுற்று, 2012, 2013-இல் பிரிவுப் பட்டம், 2018, 2019 இரண்டிலும் 97 வெற்றி, 2020-இல் மீண்டும் பிரிவுப் பட்டம் என்று அணி தொடர்ந்து நிமிர்ந்தது என்பதைப் பார்த்தால், முறை பொய்த்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது தந்த முன்னிலை தேய்ந்தது என்பதே பொருத்தம்.

இனி அரங்கைப் பற்றி. 1966-இல் திறக்கப்பட்ட ஓக்லாந்து கொலிசியத்தில் அமெரிக்கக் கால்பந்தும் பேஸ்பாலும் நடந்தன. 1995-இல் ரெய்டர்ஸ் கால்பந்து அணியைத் திரும்ப வரவழைப்பதற்காக மையக்களத்துக்குப் பின்னால் எழுப்பப்பட்ட பெரும் இருக்கைச் சுவர், அதுவரை அங்கிருந்து தெரிந்த ஓக்லாந்துக் குன்றுகளை மறைத்துவிட்டது. ரசிகர்கள் அதற்கு ரெய்டர்ஸ் உரிமையாளரின் பெயரால் ‘மவுண்ட் டேவிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மற்ற நகரங்கள் பேஸ்பாலுக்கென்றே அழகிய அரங்குகளைக் கட்டிய அதே காலத்தில் ஓக்லாந்தின் அரங்கு பேஸ்பாலிலிருந்து விலகிப்போனது. 2013-இல் கழிவுநீர் பொங்கி உடைமாற்றும் அறைகளுக்குள் வந்தது. புதிய அரங்கு வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. லூ வூல்ஃப், ஜான் ஃபிஷர் இருவரும் 2005-இல் 18 கோடி டாலருக்கு அணியை வாங்கியது முதல், தெற்கே ஃபிரீமான்ட்டில் முயன்று கைவிட்டார்கள்; சான் ஹோசேக்குப் போக விரும்பியபோது, அந்த வட்டாரம் தங்களுக்குரியது என்று ஜயன்ட்ஸ் தடுத்தது; சான் ஹோசே நகரம் தொடுத்த வழக்கை எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் 2015-இல் மறுத்தது. அந்த வட்டார உரிமையின் வேர், 1990-களின் தொடக்கத்தில் ஜயன்ட்ஸ் தென்பகுதிக்குக் குடிபெயர முயன்றபோது ஹாஸ் நட்பின் பேரில் எதிர்ப்புத் தெரிவிக்காமல் விட்டுக்கொடுத்ததில் இருக்கிறது. ஊருக்கு மிக நல்லது செய்த உரிமையாளரின் பெருந்தன்மையே பிற்காலத்தில் அணியின் கையைக் கட்டியது என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

அணியின் நிர்வாகம் ஃபிஷர் கைக்கு வந்த பிறகு, லேனி கல்லூரி அருகே ஓர் இடம் 2017-இல் கைநழுவியது. 2018-இல் துறைமுகப் பகுதியான ஹவர்ட் டெர்மினலில் அரங்கு, வீடுகள், கடைகள், அலுவலகங்கள் அடங்கிய, 1200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட திட்டம் அறிவிக்கப்பட்டது. நகர மன்றம் 2022-இல் அதன் சுற்றுச்சூழல் அறிக்கையை ஏற்றது. ஆனால் 2023 ஏப்ரலில், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே, லாஸ் வேகாஸில் நிலம் வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டதாக அணி அறிவித்தது.

இதற்கிடையில் களத்தில் நடந்ததைக் காலவரிசையோடு பார்க்க வேண்டும். 2021-இல் அணி 86 ஆட்டங்களை வென்றது. அந்தப் பருவம் முடிந்ததும் மேலாளர் பாப் மெல்வின் சான் டியேகோவுக்குப் போக அனுமதிக்கப்பட்டார். 2022 பருவம் தொடங்குவதற்கு முன்பே மேட் ஓல்சன் அட்லாண்டாவுக்கும், மேட் சாப்மன் டொரான்டோவுக்கும், கிறிஸ் பாஸிட் நியூயார்க் மெட்ஸுக்கும், ஷான் மனாயா சான் டியேகோவுக்கும் மாற்றப்பட்டார்கள். அதே ஆண்டில் ஃபிராங்கி மோன்டாஸும் ஷான் மர்ஃபியும் போனார்கள். சீட்டு விலையோ கூட்டப்பட்டது. 2022-இல் 102 தோல்வி, 2023-இல் 112. பார்வையாளர் எண்ணிக்கை லீக்கின் அடிமட்டத்துக்குப் போனது. இந்த வரிசையில் எது காரணம், எது விளைவு என்பதை நான் ஐயமின்றிச் சொல்வேன்: முதலில் அணி கலைக்கப்பட்டது, பிறகுதான் மக்கள் வருவதை நிறுத்தினார்கள். 2019 அக்டோபரில் டாம்பா பேக்கு எதிராக, தோற்றால் வெளியேற வேண்டிய ஒற்றை ஆட்டத்துக்கு 54,005 பேர் திரண்டார்கள். அணியை விற்றுவிடுமாறு ஃபிஷரைக் கோரி ரசிகர்கள் தாங்களே ஏற்பாடு செய்த 2023 ஜூன் 13 ஆட்டத்துக்கு, கடைசி இடத்தில் இருந்த அணியைப் பார்க்க 27,759 பேர் வந்தார்கள். அணி 2–1 என வென்றது. அதே நாளில் நெவாடா மேலவை லாஸ் வேகாஸ் அரங்குக்கு 38 கோடி டாலர் வரை பொதுப் பணம் ஒதுக்கும் மசோதாவை நிறைவேற்றியது.

ஐயத்துக்குரியது இதற்கு அடுத்தது. ஆளை வரவிடாமல் செய்து ஊரை விட்டுப் போக ஒரு சாக்கை உருவாக்கவே அணி வேண்டுமென்று பலவீனப்படுத்தப்பட்டது என்று ஓக்லாந்து ரசிகர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அவர்களின் கோபம் எனக்கு முழுக்கப் புரிகிறது. ஆனால் ஆவணங்கள் வழியாக அதை மெய்ப்பிக்க முடியாது. பணக்கார அணிகள் தங்கள் உள்ளூர் வருமானத்தில் ஒரு பகுதியைப் பொதுநிதிக்குக் கொடுத்து, ஏழை அணிகள் பெறும் ஏற்பாடு பேஸ்பாலில் உண்டு. பெரிய சந்தையில் இருப்பதாகக் கருதப்பட்ட ஓக்லாந்துக்கு 2016-இன் தொழிலாளர் ஒப்பந்தப்படி அந்தப் பங்கு படிப்படியாக நிறுத்தப்பட்டது. 2022 ஒப்பந்தத்தில், 2024 ஜனவரிக்குள் அரங்கு ஒப்பந்தம் முடிய வேண்டும் என்ற நிபந்தனையோடு மீண்டும் வழங்கப்பட்டது. ஆகவே 2021 இறுதியில் பண நெருக்கடி உண்மையிலேயே இருந்திருக்கலாம். அந்தக் கெடு, இடத்தை விரைந்து முடிவுசெய்யத் தூண்டியிருக்கலாம். ஹவர்ட் டெர்மினல் பேச்சில் இடைவெளி எவ்வளவு குறுகியிருந்தது என்பதிலும் நகர நிர்வாகமும் அணியும் முரண்பட்ட கணக்குகளையே சொல்லிவந்தன.

ஒரு வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘சிறிய சந்தை என்பதால் பிழைக்க முடியவில்லை’ என்றால், தொலைக்காட்சிச் சந்தையாகப் பார்க்கையில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைவிடப் பல படிகள் சிறியதான லாஸ் வேகாஸுக்குப் போவது அதற்குத் தீர்வாகாது. ஜயன்ட்ஸோடு பங்கிட வேண்டியிராத சந்தை, சுற்றுலாப் பயணிகள், பொதுப் பணம், வரிச் சலுகை ஆகியவை அங்கே உண்டு என்பது உண்மைதான். அது அரங்குக்கான பணத்தைத் தேடிய முடிவு. மற்ற 29 உரிமையாளர்களும் 2023 நவம்பரில் ஒருமனதாக ஒப்புதல் அளித்தார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று, 46,889 பேர் முன்னிலையில் டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3–2 என வென்று கொலிசியத்தில் அணி தன் 57-ஆவது, கடைசிப் பருவத்தை முடித்துக்கொண்டது. ஓக்லாந்தில் பிறக்காவிட்டாலும் அந்த ஊரில் வளர்ந்து, அந்த ஊர்ப் பள்ளியில் படித்து உருவான ரிக்கி ஹெண்டர்சன் அதே ஆண்டு டிசம்பரில் காலமானார்.

இப்போது அணியின் பெயரில் ஊரே இல்லை, வெறும் ‘அத்லெட்டிக்ஸ்’தான். லாஸ் வேகாஸ் அரங்கு 2028-இல் திறக்கப்படும் வரை மேற்கு சாக்ரமென்டோவில், ஏறத்தாழ 14,000 பேர் அமரக்கூடிய மைனர் லீக் (கீழ்நிலைப் போட்டி) மைதானத்தில் ஆடுகிறது. உடைமாற்றும் அறைகள் வெளிக்களச் சுவருக்கு அப்பால் இருப்பதால், ஆட்டத்தின் நடுவே ஆட்டக்காரர்கள் அங்கே போய்வர முடியாது. கோடையின் வெப்பம் கடுமையானது. பந்து நன்றாகப் பறக்கிறது. அதுவரையான அணியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய உத்தரவாதத் தொகையான 6.7 கோடி டாலருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் பெற்ற பிட்சர் லூயிஸ் செவரினோ, 2025-இல் வெளியூரில் நன்றாக எறிந்து சொந்த மைதானத்தில் திணறினார்.

அந்த ஒப்பந்தமே உங்கள் கேள்விக்கு ஓரளவு விடை சொல்கிறது. பிரென்ட் ரூக்கருக்கு 6 கோடி, லாரன்ஸ் பட்லருக்கு 6.55 கோடி என்று நீண்டகால ஒப்பந்தங்கள் 2025 தொடக்கத்தில் தொடர்ந்தன. பொதுநிதியிலிருந்து பெறும் பங்கைச் சம்பளத்தில் செலவழிக்காவிட்டால் ஆட்டக்காரர் சங்கம் முறையீடு செய்யும் என்ற அழுத்தம் இதற்கு ஒரு காரணம் என்று பரவலாக எழுதப்பட்டது. புதிய அரங்குக்குச் சீட்டு விற்க அறிமுகமான முகங்கள் தேவை என்பது இன்னொரு காரணமாக இருக்கக்கூடும். 2025-இல் மே நடுவரை 22 வெற்றி, 20 தோல்வி என்றிருந்த அணி, அடுத்த 21 ஆட்டங்களில் இருபதைத் தோற்றது. அதன் பின் மீண்டு, பருவத்தின் மீதிப் பகுதியில் தோல்விகளைவிட அதிகம் வென்று, 76–86 என்று முடித்தது. 2023-இல் 50, 2024-இல் 69, 2025-இல் 76 என்ற ஏறுமுகம் மெய்யானது. ஏப்ரலில்தான் மேஜர் லீக்குக்கு வந்த நிக் கர்ட்ஸ் ஜூலை 25 அன்று ஹியூஸ்டனில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார். முதல் பருவத்திலேயே இதைச் செய்தவர் அவருக்கு முன் எவரும் இல்லை. ஆண்டின் சிறந்த புதுமுகமாக அவர் ஒருமனதாகத் தேர்வானார், அடுத்த இடம் அதே அணியின் ஷார்ட்ஸ்டாப் ஜேக்கப் வில்சனுக்கு. மறுபுறம், அதிவேகப் பிட்சர் மேசன் மில்லரை ஜூலை இறுதியில் சான் டியேகோவுக்குக் கொடுத்து, லியோ தெ விரீஸ் என்ற பதின்வயதுக்காரரை முதன்மையாகக் கொண்ட இளைஞர் கூட்டத்தைப் பெற்றார்கள். இது பழைய பாணி விற்பனையா, நல்ல பரிமாற்றமா என்று இப்போதே தீர்ப்பளிக்க முடியாது. பிட்சிங் பலவீனமான ஓர் அணி தன் சிறந்த பிட்சரை விட்டது எனக்கு உறுத்துகிறது என்பதை மட்டும் சொல்வேன்.

மீண்டும் ஒருமுறை கலைக்கப்படுமா என்று கேட்டால், கவனிக்க வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்ட முடியும். ஆறு ஆண்டுப் பணிக்காலம் முடியும்வரை ஆட்டக்காரர் அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார். முதல் மூன்று ஆண்டுகள் குறைந்த சம்பளம், அதன் பின் நடுவர் தீர்ப்பு வழியே சம்பளம் வேகமாக ஏறும். சிறந்த புதுமுகம் என்பதால் 2025 முழு ஆண்டாகவே கணக்கில் சேர்ந்துவிட்ட கர்ட்ஸின் சம்பளம் அப்படி ஏறத் தொடங்குவது 2028-இல், அதாவது லாஸ் வேகாஸ் அரங்கு திறக்கும் அதே ஆண்டில். இப்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் தொடக்கத்தில் காலாவதியாகிறது. வருமானப் பகிர்வு விதிகள் அதன் பின் எப்படியும் மாறலாம். எனவே 2026, 2027 ஆண்டுகளின் வெற்றி எண்ணிக்கையைவிட, கர்ட்ஸோடு நீண்டகால ஒப்பந்தம் கையெழுத்தாகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். ஓக்லாந்திலோ, ரசிகர்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து ஆதரிக்கும் பாலர்ஸ் என்ற சிறு அணி 2024 முதல் ரைமண்டி பூங்காவில் ஆடிவருகிறது. 2025-இல் அது பயனியர் லீக் பட்டத்தை வென்றது.